காலியாகும் நிலவறை

அலாஸ்காவின் வடகோடியில் ஆர்க்டிக் கடலோரம் உள்ள ஊர் உட்கியாக்விக். 2016 வரை அதற்குப் பாரோ என்று பெயர். அங்குள்ள இனுபியாட் மக்கள், கடற்பனி விலகி நீர் தெரியும் ஏப்ரல், மே மாதங்களில் போஹெட் திமிங்கல வேட்டைக்குப் போகிறார்கள். வசந்த வேட்டை சில வாரங்களில் முடிந்துவிடும். அதற்கான வேலையோ முந்தைய கோடையிலேயே தொடங்கிவிடுகிறது.

வேட்டைக்குப் பயன்படும் உமியாக் என்பது மரச்சட்டத்தின்மேல் தோல் போர்த்திய படகு. தாடி சீல் எனப்படும் பெரிய கடல்விலங்கின் தோல்களை, உரோமம் கழலும்வரை ஊறப்போட்டு எடுத்து வைக்கிறார்கள். குளிர்காலத்தின் பின்பகுதியில் பெண்கள் கூடி உட்கார்ந்து அவற்றை இணைத்துத் தைக்கிறார்கள். கரிபூ மானின் தசைநார்தான் நூல். ஊசி தோலை முழுக்கத் துளைத்து மறுபக்கம் வந்துவிடக் கூடாது. தோலின் தடிமனுக்குள்ளேயே ஓடித் திரும்ப வேண்டும். துளை விழுந்தால் நீர் கசியும். அந்தக் கடலில் நனைந்தவன் பிழைப்பது அரிது. ஈட்டி எறிகிறவரை மட்டும் வேட்டைக்காரர் என்று சொல்லி வந்திருக்கிறோமே, தைத்த கைகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கடற்பனியில் பாதை வெட்டுவது இன்னொரு வேலை. பாளங்கள் மோதி மேடுமேடாகக் குவிந்திருக்கும். அவற்றை வெட்டிச் சமன்செய்து நீர்விளிம்புவரை வழி உண்டாக்குகிறார்கள். காற்று மாறிப் பனி உடைந்தால் உயிர் தப்பி ஓடிவர வேண்டியதும் அதே வழியில்தான்.

ஆனால் என்னை நிறுத்தி யோசிக்கவைப்பது நிலவறை. என்றும் உறைந்திருக்கும் மண்ணைக் குடைந்து அமைத்த அறை அது. இறைச்சி அங்கேதான் கிடக்கும். வேட்டைக்குமுன் அதைக் காலிசெய்து சுத்தப்படுத்த வேண்டும். மிஞ்சியிருக்கும் பழைய இறைச்சி ஊராருக்குப் போய்விடும். திமிங்கலம் தன்னைத்தானே தருகிறது, சுத்தமான நிலவறையும் பகிரும் மனமும் உள்ள வேட்டைக்குழுத் தலைவனையே தேடி வருகிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

இதை மூடநம்பிக்கை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. கொடுக்காதவனின் நிலவறை காலியாகாது; நிலவறை காலியாகாதவன் வேட்டைக்கு ஆயத்தமாகவில்லை. நாம் ஆயத்தம் என்றாலே சேர்த்துவைப்பதைத்தான் நினைக்கிறோம். பணமும் பொருளும் சேரச் சேர நாளைக்குத் தயாராகிவிட்டதாக நம்புகிறோம். பஞ்சமும் பனியும் அறிந்த மக்கள், அடுத்ததைப் பெறும் தகுதி இருப்பதைக் கொடுத்து முடிப்பதில் இருக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். பெறுவதற்கு வலிமை மட்டும் போதாது, இடமும் வேண்டும்.

இப்போது அந்த உறைநிலம் இளகிவருகிறது. ஆர்க்டிக் கரையோர ஊர்களில் சில நிலவறைகளுக்குள் நீர் புகுந்துவிட்டது. இறைச்சியைப் பழையபடி பாதுகாக்க முடியவில்லை. உலகெங்கும் எரிந்த எண்ணெயும் நிலக்கரியும் கிளப்பிய வெப்பமே நிலத்தை இளக்குகிறது. ஆண்டு முழுதும் இவ்வளவு ஒழுங்கோடு ஆயத்தம் செய்கிறவர்கள் மீது விழுந்திருக்கும் இந்த இழப்பை அநீதி என்றே சொல்வேன்.