விரதம் யாருடையது?

திண்டிவனத்திலுள்ள எம் பேரனின் கினிப்பன்றிகள் இரண்டும் கோடை விடுமுறையில் விழுப்புரத்தில் எம் இல்லத்திற்கு வந்தன. கதிரவன் மறைந்தபின் இங்கு யாரும் உண்பதில்லை; ஆகவே கூண்டிலிருந்த உலர்புல்லையும் மாலையில் அகற்றினோம். கிழங்கு வகையென்று கேரட்டை விலக்கிப் பொரியும் சோறும் இட்டோம். மூன்று வாரங்களில் 900 கிராம் இருந்த ஒன்று 740 கிராமாயிற்று. நல்லறம் செய்வதாகவே எண்ணியிருந்தோம்!

கால்நடை மருத்துவர் விளக்கினார். இரவும் பகலும் சிறுகச் சிறுக மேயும் உயிர் அது. புல்லின்றேல் குடல் இயக்கம் தளரும். இடையறாது வளரும் பற்கள் தேயமாட்டா. உணவைத் திடீரென மாற்றினாலும் செரிமானம் கெடும். உயிர்ச்சத்து 'சி'யைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ளவும் அதற்கு இயலாது. 1907-இல் நார்வே அறிஞர்கள் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் தானிய உணவே இட்டு வளர்த்தபோது அவற்றுக்கு ஸ்கர்வி நோய் கண்டது. (இவ்வறிவும் அவ்வுயிர்களின் துன்பத்தில் விளைந்ததே.) கேரட் இன்றி அவை வாழும், குடைமிளகாயும் சிறிது கொய்யாவும் போதும். புல்லின்றி வாழா.

அகிம்சை அணுவிரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஐந்து அதிசாரங்களுள் அன்னபான நிரோதமும் ஒன்று. உணவும் நீரும் தடுத்தலாகிய அக்குற்றம் மாட்டுவண்டிக்காரருக்கே உரியதென்று இத்தனை காலம் எண்ணியிருந்தோம். விரதம் தானே விரும்பி ஏற்பது; கூண்டிலுள்ள உயிர் எதை ஏற்றது?

இப்போது மாலையிலேயே இரவுக்கும் சேர்த்துப் புல் நிரப்புகிறோம். வாரந்தோறும் நிறுக்கிறோம், 810 கிராம் வந்துள்ளது. அவ்வைந்தனுள் முதலாவது பந்தம், கட்டிவைத்தல். கூண்டைப் பற்றிப் பேரனிடம் இன்னும் பேசவில்லை.