பின்னால் அமர்ந்தவரின் பங்கு

குடித்துவிட்டு வண்டி ஓட்டும் கணவனுக்குப் பின்னால் அமர்ந்து செல்லும் மனைவிக்கு அந்த வினையில் பங்கு உண்டா? இந்த வினாவை நம் குடும்பங்களில் எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால், தம் வீட்டில் குடி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மதுவை விலக்குதல் சிராவகனின் எட்டு மூலகுணங்களுள் ஒன்று. நீரை வடிகட்டிப் பருகுகிறோம். பொழுது சாயும் முன் உண்டு முடிக்கிறோம். அத்தகைய இல்லத்தில் குடி நுழைந்துவிட்டால், மற்ற இல்லங்களைக் காட்டிலும் கூடுதலாக அதை மூடி மறைக்கிறோம். மறைத்து வைத்த நோய்க்கு மருந்து தேடவும் முடியாது. ஆதலின் கூச்சத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு இதனைப் பேசுவோம்.

புவனகிரி, சிதம்பரம், கடலூர்ப் பகுதி அன்பர்களுக்கு இது எங்கோ நடக்கும் செய்தி அன்று. சிதம்பரத்தில் மணவிழா வரவேற்பு. ஆடவர் சிலர் மண்டபத்தின் பின்புறம் சென்று வருகின்றனர். இரவு பத்து மணிக்கு மேல் வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்து புவனகிரிக்கு வீடு திரும்ப வேண்டும். பெட்ரோல் டாங்கின் மேல் ஒரு குழந்தை. பின்னிருக்கையில் மடியில் கைக்குழந்தையுடன் மனைவி. அறுவடைக் காலமாயின் சாலையின் ஒரு பாதியில் நெல்லோ உளுந்தோ காய்ந்துகொண்டிருக்கும். காவலுக்கு அதன் அருகிலேயே ஒருவர் படுத்திருப்பார். விளக்கில்லாத மாட்டு வண்டியும் டிராக்டர் டிரெய்லரும் எதிர்ப்படும். தெளிந்த கண்ணுக்கே கடினமான சாலை அது. கடலூர்க்காரர் சிலரின் வழக்கமோ வேறு. மது மலிவாகக் கிடைக்கும் என்று புதுச்சேரி எல்லையைத் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, அதே வண்டியில் திரும்புகின்றனர்.

தமிழ்நாட்டில் 1983இல் தோன்றிய டாஸ்மாக் நிறுவனம், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்திவருகிறது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கையும் சேர்த்து விசாரித்துத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டிலேயே அந்தத் தூரம் சிற்றூர்களுக்கு 220 மீட்டராகக் குறைந்தது. நகராட்சிப் பகுதிகளுக்கும் விலக்கு வந்துவிட்டது. கடை அரை கிலோமீட்டர் தள்ளிப் போனால் வண்டியும் அரை கிலோமீட்டர் கூடுதலாக ஓடும் என்பதே என் எண்ணம். அரசின் கதவை நம்பி நம் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட முடியாது.

"நேற்றும் இப்படித்தான் ஓட்டினேன், என்ன ஆகிவிட்டது?" என்பது குடித்து ஓட்டுவோர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். நம் அறநூல்களின் பார்வையில் இச்சமாதானம் ஒரு கணமும் நில்லாது. தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சையை வரையறுக்கும் உமாஸ்வாமி, 'பிரமத்த யோகம்' என்னும் சொல்லையே முதலில் வைக்கிறார். உயிர் போக்குதல் அதன் பின்னரே வருகிறது. விழிப்பற்ற நிலையில் மனம், மொழி, மெய் இயங்குவதே இம்சையின் வேர். நான்கு முழம் நிலத்தை நோக்கி நடக்கும் முனிவரின் பாதத்தடியில் அவர் அறியாமல் ஓர் எறும்பு இறப்பினும் அவருக்கு இம்சைப் பழி இல்லை. கண் மங்கி விரைபவனால் ஓர் உயிரும் சாகாவிடினும், அவன் இம்சை செய்தவனே. ஆகவே, பத்திரமாக வீடு வந்து சேர்ந்த இரவுகளும் வினைக்கணக்கில் ஏறிய இரவுகளே. சாலையோரத்தில் படுத்திருந்தவர் பிழைத்தது அவருடைய ஆயுள் கர்மத்தால். ஓட்டியவரின் திறமையால் அன்று.

உடலின் கணக்கையும் அறிந்திருத்தல் நலம். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு. ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 15 மில்லிகிராம் அளவே குறைக்க வல்லது. மோர், எலுமிச்சைச் சாறு, காப்பி, தலையில் தண்ணீர் ஊற்றுதல் ஆகிய எதுவும் அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. நள்ளிரவு வரை குடித்தவர் விடியற்காலையில் பால் வாங்கப் புறப்படும்போதும் அளவு மீறியிருக்கக்கூடும். "இரண்டு வாய் தயிர்ச்சோறு சாப்பிட வைத்துத்தான் ஓட்டச் சொன்னேன்" என்று சொல்லும் சகோதரிகள் இதனைக் கருத வேண்டும்.

இனி முதல் வினாவுக்கு வருவோம். தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வாருக்கு உடன்படுதல் என்று வினை மூவகையால் வந்து ஒட்டும் என்பதைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். கிருதம், காரிதம், அனுமோதனை எனப்படுவன இவையே. வியப்பு என்னவெனில், இந்நாட்டுச் சட்டமும் இவ்விடத்தில் நம் ஆசாரியர்களுக்கு அருகில் வந்து நிற்கிறது. அதே சட்டத்தின் 188ஆம் பிரிவு, குடித்து ஓட்டும் குற்றத்துக்குத் துணை நின்றவருக்கும் அக்குற்றத்துக்குரிய தண்டனையையே விதிக்கிறது. 2019 திருத்தத்தின்படி அது முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை இப்பிரிவைக் கையிலெடுத்தது. ஓட்டுநர் குடித்திருந்தால், உடன் செல்பவர் ஒரு சொட்டும் தொடாதவராயினும் அவருக்கும் அபராதம் உண்டு என அறிவித்தது. அப்போது பலர் இதனை நகைத்தனர். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை.

எனினும், சட்டம் நிறுத்தும் இடத்தில் நாமும் நின்றுவிட முடியாது. அடிக்கு அஞ்சி ஏறி அமரும் பெண்ணின் மனம் உடன்படவில்லை. அது அனுமோதனை ஆகாது. இரவு பத்து மணிக்கு, கையில் காசில்லாமல், கைக்குழந்தையுடன் நிற்பவளிடம் "நீ ஏன் ஏறினாய்?" என்று கேட்பது கொடுமை. அவளைக் கேட்குமுன் அதே மண்டபத்தில் நின்றிருந்த மாமனாரையும் மைத்துனரையும் கேட்க வேண்டும். தள்ளாடி வந்தவர் சாவியைத் துழாவுவதை அவர்கள் பார்த்தார்கள். "பார்த்துப் போப்பா" என்று சொல்லி வழியனுப்பினார்கள். அச்சமோ இயலாமையோ அவர்களுக்கு இல்லை. "ஆம்பிளை என்றால் அப்படித்தான் இருப்பான், நீதான் அனுசரித்துப் போக வேண்டும்" என்று மருமகளுக்குப் புத்தி சொல்லும் மாமியாரும் உண்டு. உடன்பாடு என்னும் வினை அங்கேதான் முழு எடையுடன் ஒட்டுகிறது என்பேன்.

அச்சமின்றி, அன்பினாலேயே வாய் மூடியிருக்கும் மனைவியரும் உளர். "நல்லவர்தான்; சொன்னால் மனம் வருந்துவார்" என்பர். கோம்மடசாரத்தில் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி பிரமாதங்களைப் பதினைந்தாக எண்ணுகிறார். தீய பேச்சு நான்கு, கஷாயம் நான்கு, புலன் ஐந்து, உறக்கம் ஒன்று என்று எண்ணி, இறுதியில் ஒன்றாக அவர் சேர்த்திருப்பது பிரணயம், அதாவது பற்றுமிக்க அன்பு. பலமுறை படித்தும் நான் மேலோட்டமாகக் கடந்து சென்ற இடம் அது. அன்பும் விழிப்பைக் கெடுக்கும் என்பதற்கு, போதையிலிருக்கும் கணவனிடம் குழந்தையைத் தூக்கிக் கொடுத்து டாங்கின் மேல் உட்கார வைக்கும் கைகளே சான்று.

இன்னொரு தடை நம் சமயத்தின் பெயராலேயே எழுகிறது. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனம் ஒன்று. பிறர் குற்றத்தை ஊரறியச் செய்யாது மறைத்தல். கணவனின் குடியை மறைப்பது இந்த அங்கம் அன்றோ என்று கேட்கலாம். இரத்தினகரண்டக சிராவகாசாரம் இவ்வங்கத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறும் ஜினேந்திரபக்தன் கதையை நினைவுகூர்வோம். துறவுக் கோலம் பூண்ட திருடன் ஒருவன், அந்த வணிகனின் இல்லத்துப் பார்சுவநாதர் திருவுருவின் குடையில் பதித்திருந்த வைடூரிய மணியைக் கவர்ந்து ஓடினான். காவலர் துரத்தினர். வணிகனோ, "நான் கொண்டுவரச் சொன்ன மணிதான்" என்று கூறி அவனை விடுவித்தான். சமயத்துக்குப் பழி நேராமல் காத்தான். கதையை இவ்வளவோடு நிறுத்திவிடுகிறோம். காவலர் சென்ற பின் அவன் திருடனைக் கடிந்து வெளியேற்றினான். மணியை அவன் கையில் விட்டுவைக்கவில்லை. பெயரைக் காத்தது உபகூகனம். மணியையும் கொடுத்தனுப்பியிருந்தால் அது களவுக்கு உடந்தை. கணவனின் பெயரைத் தெருவில் இழுக்க வேண்டாம். வண்டிச் சாவியையும் அவர் கையில் விட்டுவைக்க வேண்டாம். அவ்வங்கத்துக்கு அடுத்ததாக வைக்கப்பட்டிருப்பது ஸ்திதிகரணம், வழுவியவரை மீண்டும் நிலைநிறுத்தல். முன்னதோடு நின்றுவிட்டுப் பின்னதை விடுவது அரைகுறை அறம்.

நடைமுறையில் செய்யத்தக்கன சில. போதையில் இருக்கும்போது வாதாடுவது வீண். திருக்குறளின் 93ஆம் அதிகாரமும் இதனைக் கூறுகிறது. பேச வேண்டியதை மறுநாள், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், அழுகையும் ஏச்சும் இன்றிப் பேச வேண்டும். "இனி நீங்கள் குடித்திருக்கும் நாளில் நானும் பிள்ளைகளும் வண்டியில் ஏற மாட்டோம்" என்பது ஒரு சொற்றொடர்தான். ஆயினும் சொன்னதைச் செய்ய வேண்டும். விழாவுக்குச் செல்லும்போதே பேருந்திலோ ஆட்டோவிலோ போய் வருதல், உறவினர் வீட்டில் தங்கிக் காலையில் திரும்புதல், கைப்பணமாகச் சிறிது தனியே வைத்திருத்தல் ஆகியவற்றை முன்னரே திட்டமிடலாம். மாற்றுச் சாவியை அண்டை வீட்டில் கொடுத்து வைக்கலாம். வண்டி மனைவி பெயரில் பதிவாகியிருந்தால் இன்னும் விழிப்பு தேவை. குடித்து ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அத்தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளத் தீர்ப்பாயம் அனுமதிப்பதுண்டு. அடி உதை உள்ள வீடாயின் சாவிக்காகப் போராடாமல், பிள்ளைகளுடன் விலகி நின்று 181 என்னும் மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம்.

எதற்கும் அடங்காமல் வண்டியைக் கிளப்பிவிட்டால்? வண்டி எண்ணையும் செல்லும் திசையையும் சொல்லிக் காவல்துறையை 100 அல்லது 112இல் அழைக்கலாமா? கணவனைக் காட்டிக்கொடுப்பதா என்று மனம் பதறும். அழைக்கலாம் என்றே நான் கருதுகிறேன். வரதட்சணை வழக்குப்போல் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் காரியம் அன்று இது. பெரும்பாலும் அபராதத்தோடும் உரிமம் சில மாதம் பறிபோவதோடும் முடியும். வெள்ளாற்றுப் பாலத்தில் எதிரே வருபவருக்கும் மனைவி மக்கள் உண்டு.

தமிழகத்தில் இத்துயரை அனுபவித்த ஒருவரின் வாழ்க்கையை நாம் அறிந்திருக்க வேண்டும். சாந்தி ரங்கநாதன், டி.டி. கிருஷ்ணமாச்சாரி குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்; கணவர் ரங்கநாதன் குடிநோயால் இளவயதிலேயே மறைந்தார். செல்வமும் செல்வாக்கும் இருந்தும் அன்று நாட்டில் அதற்கென முறையான சிகிச்சை நிலையம் கிடைத்தற்கரிது. 1980இல் அவர் சென்னையில் கணவர் பெயரால் ஓர் அறக்கட்டளையை நிறுவினார், டி.டி.கே. மருத்துவமனை என மக்கள் அழைப்பது அதனையே. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. குடித்தவருக்கு மட்டுமன்றி, அவருடைய மனைவிக்கும் குடும்பத்தாருக்கும் தனியே பயிற்சி தருவது அங்குள்ள முறை. உண்மையை மறைப்பதும், அலுவலகத்துக்குப் பொய்க் காரணம் சொல்வதும், கடனை அடைத்துக் கொடுப்பதும் குடியை வளர்க்கும் என்பதை அவர்கள் அங்கே கற்கின்றனர்.

சிதம்பரம் பகுதியினர் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அண்ணாமலைநகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று அறியப்பட்டு, இன்று அரசுப் பொறுப்பில் உள்ள மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் காணலாம். 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியிலும் வழிகேட்கலாம். நாள்தோறும் குடிப்பவரை அறையில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்தச் செய்யலாகாது. நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றி உயிருக்கே ஊறு நேரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். கோயிலில் விரதம் ஏற்பதற்கு முன் மருத்துவமனைக்குச் செல்க. விரதத்தைப் பின்னர் ஏற்கலாம். சிகிச்சை முடிந்தவர் மீண்டும் வழுவுவதும் உண்டு. அதனால் எல்லாம் வீண் என்று கைவிட வேண்டியதில்லை. வண்டிச் சாவியை அவரிடம் எப்போது திருப்பிக் கொடுப்பது என்பதை மட்டும் வீட்டார் தாமே முடிவு செய்யாமல், சிகிச்சை அளித்த மருத்துவரையும் கேட்டுக்கொண்டு, அதுவரை அவரைப் பேருந்து நிறுத்தம் வரை நடந்து செல்லச் சொல்லலாம்.