காணாத வாயுவின் அளவும் அனுமானத்தின் எல்லையும்

விண்மீன் மண்டலங்களுக்கு இடையே பரந்து கிடக்கும் ஹைட்ரஜனின் சொந்த ஒளி மிக மிக மங்கலானது. அது இருப்பதைக் காட்டிக்கொடுப்பது அதற்கு அப்பாலுள்ள குவேசாரின் ஒளி. வழியிலுள்ள ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டர் அலைநீளப் புறஊதாவை விழுங்கிவிடுகிறது. பிரபஞ்சம் விரிவதால், ஒவ்வொரு தொலைவிலும் விழும் இருட்கோடு நிறமாலையில் வெவ்வேறு இடத்துக்கு நகர்கிறது. ஒரே குவேசாரில் நூற்றுக்கணக்கில் நெருங்கி நிற்கும் இக்கோடுகளை 1971இல் ரோஜர் லின்ட்ஸ் ஹைட்ரஜனுடையவை என விளக்கினார். லைமன் ஆல்ஃபா காடு என்பது பின்னர் அவற்றுக்கு நிலைத்த பெயர்.

காணாத பொருளை உண்டென்று சொல்ல எது சான்று? உலகாயதர் காட்சி ஒன்றையே அளவையாகக் கொண்டனர். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தை அவர்களை மறுத்தே தொடங்குகிறார். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் காட்சியோடு கருத்தளவையையும் ஏற்கிறார். புகையைக் கண்டு நெருப்பை அறிவது போன்றதே இருட்கோட்டைக் கண்டு ஹைட்ரஜனை அறிவதும். ஆய்வகத்தில் அந்த அணு விழுங்கும் 102.6 நானோமீட்டர்க் கோடும் உரிய இடத்தில் உடன் தோன்றும்போது ஏது வலுப்பெறுகிறது.

ஆனால் இருப்பை நிறுவிய ஏது அளவை நிறுவாது. ஒரு பார்வைக்கோட்டிலிருந்து கிடைப்பது அக்கோட்டின் மேலுள்ள ஹைட்ரஜன் அணுக்களின் மொத்தம் மட்டுமே. அடர்ந்த சிறு மேகமும் ஐதான பெரிய மேகமும் ஒரே மொத்தத்தைத் தரக்கூடும்.

அதனால்தான் வானில் அருகருகே தோன்றும் இரு குவேசார்கள் தேடப்பட்டன. ஈர்ப்பு வில்லையால் இரட்டித்துத் தெரியும் ஒரே குவேசாரின் பிம்பங்களும் பயன்பட்டன. அவற்றில் முதலாவது 1979இல் கண்டறியப்பட்டது. இரண்டு ஒளியிலும் ஒரே செம்பெயர்ச்சியில் இருட்கோடு இருந்தால், மேகம் இரு பாதைகளையும் மூடியிருக்க வேண்டும். பாதைகளின் இடைவெளி அதன் அகலத்துக்குக் கீழ்வரம்பாகும். 1990களில் நாடின் தின்ஷாவும் அவருடன் பணியாற்றியோரும் இவ்வழியில் லட்சக்கணக்கான ஒளியாண்டு அகலத்தைக் கணித்தனர். அதுவரை எண்ணியிருந்ததைவிட அது மிகப் பெரிது.

இந்த வாதத்தின் பலவீனத்துக்கு மணிமேகலையிலேயே பெயர் உண்டு: அநைகாந்திகம். சாதிக்க வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் காணப்படும் ஏது எதையும் முடிவாக நிறுவாது. ஒத்த கோடுகள் ஒரே பெரிய மேகத்தாலும் வரலாம். பக்கத்தில் பக்கத்தில் திரண்ட இரு சிறு மேகங்களாலும் வரலாம். உலகாயதரின் ஐயம் மிகக் கூர்மையாகத் தைக்கும் இடம் இதுதான். தனித்தனி மேகம் என்ற உருவத்தைக் கோடுகள் தரவில்லை. பார்த்தவரின் மனமே அதைச் சேர்த்தது.

1990களின் கணினிப் பாவனைகள் அந்த உருவத்தைக் கலைத்தன. வாயு இழைகளாகவும் படலங்களாகவும் தொடர்ந்து பரவி, அடர்த்தி மிகும் இடங்களில் கோடாகத் தெரிகிறது. திருவனந்தபுரத்தில் 1957இல் பிறந்த தாணு பத்மநாபன், புனேயின் ஐயுகா நிறுவனத்தில் திர்தங்கர் ராய் சௌத்ரி, ரகுநாதன் ஸ்ரீஆனந்த் ஆகியோருடன் 2001இல் வெளியிட்ட ஆய்வுகளும் ஹைட்ரஜனை இப்படி ஏறி இறங்கும் ஒரே அடர்த்திப் பரப்பாகவே கையாண்டன. அதே ஆண்டில் யூப் ஷாயே, ஒரு திரளின் அளவை ஈர்ப்பும் வாயுவழுத்தமும் சமனாகும் தூரத்தோடு பொருத்திக் காட்டினார். இன்று அளவு எனப்படுவது மேகத்தின் விளிம்பைக் குறிப்பதில்லை. இரு பார்வைக்கோடுகளின் உறிஞ்சல் எவ்வளவு இடைவெளிவரை ஒத்திருக்கிறது என்பதையே குறிக்கிறது.