உங்கள் பெயர் என்ன?

அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் கேட்பார்: ‘பேரு, நட்சத்திரம்?’

உடனே ஒப்பிக்கத் தொடங்கிவிடுவோம். வீட்டுக்காரர் பெயர், மூத்தவன் பெயர், சின்னவள், மாப்பிள்ளை, பேரன்... எல்லார் நட்சத்திரமும் நமக்கு விரல் நுனியில்! சரி, உங்கள் பெயருக்கு நீங்கள் கடைசியாக அர்ச்சனை செய்தது எப்போது?

ஒரு பௌர்ணமி வெள்ளிக்கிழமை மாலை. மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன் இருவரையும் தரிசித்துவிட்டு, நிறைவாக திருமுல்லைவாயில் கொடியிடையம்மனைத் தரிசிக்க வந்த கூட்டம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஏழெட்டுப் பெயர்களை மூச்சுவிடாமல் சொன்னார். ‘உங்க பேரும்மா?’ என்று கேட்டார் குருக்கள். ‘எனக்கு எதுக்கு சாமி? அவங்கெல்லாம் நல்லா இருந்தா போதும்’ என்றார் அந்த அம்மாள்.

அந்தப் பதிலில் இருக்கும் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால், தமிழில் ‘பாசம்’ என்றால் அன்பு மட்டுமல்ல, கயிறு என்றும் பொருள் உண்டே! பதி, பசு, பாசம் என்று சைவ சித்தாந்தம் சொல்லும்போது, உயிரைக் கட்டும் கயிறு என்றுதானே பொருள்? கட்டு அறுந்த நிலைக்கு நம் முன்னோர் வைத்த பெயரும் வேடிக்கையானது... ‘வீடு’. விடுபடுவதால் வீடு. நாள் முழுக்க நாம் அடைந்து கிடக்கும் இடத்துக்கும் அதே பெயர்தான்!

கட்டுண்ட கதை ஒன்று இந்தத் தலத்திலேயே உண்டு. பகைவரோடு போரிட வந்த தொண்டைமானின் யானை, முல்லைக்கொடிகளில் கால் சிக்கி நின்றுவிட்டது. மன்னன் வாளால் கொடியை வெட்ட, ரத்தம் பீறிட்டது. பதறிப்போய் விலக்கிப் பார்த்தால், உள்ளே சிவலிங்கம்! தன் கழுத்தையே அரியத் துணிந்தவனை இறைவன் தடுத்தார். ‘வெட்டுப்பட்டாலும் நாம் மாசில்லாத மணியே’ என்று அருளினார் என்பது தலபுராணம். மாசிலாமணீஸ்வரர் என்ற திருநாமம் அப்படித்தான் வந்தது. அந்தக் காயம் குளிர ஆண்டு முழுக்கச் சந்தனக்காப்பு. சித்திரை சதயத்தன்று பழைய காப்பைக் களையும்போதுதான் நிஜரூபத்தைத் தரிசிக்க முடியும்.

நமக்கும் காப்புகள் உண்டு. இன்னார் மனைவி, இன்னார் அம்மா, இன்ன வீட்டு மருமகள்... பளிங்குக் கல்லின் அருகே செம்பருத்தியை வைத்தால் கல்லே சிவப்பாகத் தெரியும். உயிரும் அப்படித்தான், எதைச் சார்கிறதோ அதன் நிறத்தைக் காட்டும் என்கிறது சித்தாந்தம். பூவை எடுத்து எறியச் சொல்லவில்லை. சிவப்பு பூவினுடையது, நம்முடையதல்ல என்று தெரிந்திருந்தால் போதும். 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை திருவண்ணாமலையில் ரமணரிடம் கேட்ட முதல் கேள்வியும் இதுதான்: ‘நான் யார்?’ ரமணர் பேசாதிருந்த காலம் அது. பதில்களை எழுதித்தான் காட்டினார்.

‘நான்’ என்பதே அழிய வேண்டும் என்றல்லவா பெரியவர்கள் சொல்கிறார்கள், என் பெயரை எதற்குத் தேட வேண்டும்? இப்படி நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், கையில் இருப்பதைக் கொடுத்தால்தான் அது காணிக்கை. நாம் அறியாமலே பறிபோனதைக் கொடுத்ததாகச் சொல்ல முடியுமா? ‘இந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு செய்திருப்பேன், ஒருத்தர் நினைச்சுப் பார்த்தாங்களா!’ என்று நள்ளிரவில் தலையணை நனைகிறதே... மனமறிந்து கொடுத்தவள் கணக்கு வைத்துக்கொண்டா இருப்பாள்?

சுந்தரரைப் பாருங்கள். மணப்பந்தலில் ஒரு கிழவர் ஆளோலையைக் காட்டி, ‘நீ என் அடிமை’ என்றார். சுந்தரர் அவரைப் பைத்தியம் என்று ஏசினார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் போனது. யாருக்கு அடிமை என்று தெரிந்த பிறகோ, அவர் வேறு எவருக்கும் அஞ்சவில்லை. பரவையாரின் ஊடலைத் தீர்க்க அந்த இறைவனையே தூது அனுப்பினார்! இதைவிட என்ன சுதந்திரம் வேண்டும்?

அதே சுந்தரர், சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் பார்வை இழந்தார். அந்த நிலையில்தான் இந்த முல்லைவாயிலுக்கு வந்து பாடினார். சங்கிலிக்காகவே தன் கண்ணைப் பறித்தாய் என்று அந்தப் பதிகத்தில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். தன்னை அறிவது என்றால் தன் குற்றத்தையும் சேர்த்து அறிவதுதான் போலும். இங்கே பார்வை திரும்பிவிடவில்லை. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று பிறகுதான் கிடைத்தன.

இந்தத் தலத்து நந்தியைக் கவனித்திருக்கிறீர்களா? மற்ற சிவாலயங்களைப் போல சுவாமியைப் பார்த்து இல்லாமல், வாசலை நோக்கி இருப்பார். தொண்டைமானுக்குத் துணையாகக் கிளம்பியவர், அப்படியே அமர்ந்துவிட்டாராம். முகம் வெளி வேலையில், முதுகுக்குப் பின்னால் சுவாமி. எனக்கு என்னவோ, நம் வீட்டுப் பெண்களுக்கென்றே இப்படித் திரும்பி அமர்ந்திருக்கிறார் என்று தோன்றும்!

தரிசனம் முடிந்து வந்தபோது, அந்த அம்மாள் நந்திக்குப் பக்கத்தில் நின்று, பிரசாதத்தில் ஒரு பூவை எடுத்துத் தன் தலையில் செருகிக்கொண்டிருந்தார். பைக்குள் செல்போன் அடித்தது.

‘ஆமாங்க... ரமேஷ் அம்மாதான் பேசறேன்.’