விளையாட்டுப் பொருள் விற்று அறஞ்செய்தல் ஈகையாமோ?

சென்ற காலாண்டு விடுமுறையில் எம் மகள் வயிற்றுப் பேரன் செஞ்சிக்கு வந்திருந்தான். பதினான்கு வயதினன். எம்மூர்க் கோட்டை 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய செய்தியைப் பள்ளியிற் கேட்டு, அதனைக் காணல் வேண்டுமென்று வந்தவன். இராஜகிரி ஏறி இறங்கிச் செட்டிக்குளத்துப் படியில் இளைப்பாறுங்கால், அக்குளம் இராமச் செட்டி என்னும் வணிகர் பதினெட்டாம் நூற்றாண்டில் எடுப்பித்தது என்பர் என்று யாம் கூறினேம். உடனே அவன், "நானும் ஒரு தருமம் செய்திருக்கிறேன், தாத்தா" என்றான். யாதென வினவினேம். கணிப்பொறியில் ஆடும் ஒரு விளையாட்டில் வரும் வீராங்கனைக்கு உரிய ஓர் உடையைத் தன் தந்தையின் கணக்கிலிருந்து விலை செலுத்தி வாங்கியதாகவும், அவ்விலை நோயாளர் பொருட்டுச் சென்றதாகவும் சொன்னான். யாம் நகைத்து, "நீ வாங்கினாய், கொடுத்தாயல்லை" என்றேம். பையன் முகம் வாடிற்று. சற்றுப் பொறுத்து, "அப்படியானால் அந்தக் கம்பெனி கொடுத்ததா?" என்று கேட்டான். ஐம்பதாண்டு நூல் பயின்ற எமக்கு அப்பொழுது விடை கூற நா எழவில்லை. பின்னர் ஆராய்ந்தவாறு ஈண்டு எழுதுகின்றேம்.

முதற்கண் அப்பொருள் இன்னதென விளக்குதல் வேண்டும்; என்னை? இவ்விதழ் பயிலும் பெரியார் பலர் இத்தகைய விளையாட்டுக்களைக் கண்டிரார். திரையில் தோன்றும் வீரனுக்கு ஓர் ஆடை, உடன்வரும் ஒரு விலங்குக் குட்டி, அங்கே உழப்படும் வயலுக்கு விதை என்றின்னவை காசுக்கு விற்கப்படுகின்றன. கையாற் பற்றவும் வீட்டிற்குக் கொணரவும் இயலா. ஒருமுறை வரைந்து அமைத்துவிட்டால், நூறு பேர்க்கு விற்பினும் நூறாயிரவர்க்கு விற்பினும் விற்பார்க்குக் கூடுதற் செலவு ஏறக்குறைய இல்லை. இவையெல்லாம் வெறுந்தோற்றம், இவற்றை வைத்து அறம் பேசுவது எற்றுக்கு என்பார் உளர். உலகனைத்தையுமே அங்ஙனம் தள்ளுதல் ஏகான்மவாதியர்க்கு எளிது, நமக்கு அவ்வழக்கில்லை. வடிவம் கண்ணுக்குப் புலனாகின்றது. ஆடுவார்க்கு இன்பம் பயக்கின்றது. வரைந்தார் உழைப்பு மெய். ஈந்த பணமும் மெய். ஆகலின் பொருள் பொய்யென்று சொல்லி வழக்கினின்றும் நழுவுதல் ஆகாது.

நிகழ்ந்தன சில கூறுவேம். பிளிசார்டு என்னும் அமெரிக்கக் கம்பெனி 2009-ஆம் ஆண்டில் தன் விளையாட்டொன்றில் கரடி வடிவத் துறவி ஒருவனைப் பத்து டாலர்க்கு விற்று, ஆண்டிறுதிவரை வந்த விலையிற் பாதியை நோயுற்ற சிறார் விருப்பம் நிறைவேற்றும் ஒரு சங்கத்துக்கு அளித்தது. சேர்ந்தது 11 இலட்சம் டாலர். அக்கம்பெனியே 2018 மே மாதத்தில் 'ஓவர்வாட்ச்' என்னும் விளையாட்டிலுள்ள மருத்துவப் பெண்ணுக்கு இளஞ்சிவப்பு ஆடையொன்றை 15 டாலர்க்கு விற்றது. இம்முறை வருவாய் முழுதும் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று அறிவித்து, அதனாலும் உடன் விற்ற சட்டைகளாலும் 1 கோடியே 27 இலட்சம் டாலர் சேர்த்தது. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டையுடைய எப்பிக் கம்பெனியோ, 2022 மார்ச்சு 20 தொடங்கி ஏப்பிரல் 3 வரை அவ்விளையாட்டில் தனக்கு வந்த வருவாய் அனைத்தையும் உக்கிரேனியப் போரில் அல்லலுற்றார்க்குத் தந்தது. அது 14 கோடியே 40 இலட்சம் டாலர் என்ப. இத்தொகைகளால் நோயாளரும் ஏதிலியரும் பயனெய்தினர் என்பதில் ஐயமில்லை. ஐயம் ஈந்தவர் யார் என்பதிலேயே.

குடம் என்னும் காரியத்துக்கு மண் முதற்காரணம், தண்ட சக்கரங்கள் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று நம் பிள்ளைகள் பால பாடமாகவே ஓதுவர். அம்முறை கொண்டு இதனை நோக்குக. இவ்வறத்துக்கு முதற்காரணமாகிய பணம் ஆடுவார் பையினின்றும் வந்தது. ஆடையும் விளையாட்டும் துணைக்காரணம். இன்ன அறம் செய்க எனக் கருதி, பொருளமைத்து, தொகை திரட்டிச் சேர்த்த கம்பெனியார் நிமித்தம். ஆகவே கம்பெனியார் செய்தது ஒன்றுமில்லை என்பது கூடாது. அவரின்றி அத்தொகை திரண்டிராது. ஆயின் மண்ணும் தன்னதே என்று குயவன் சொல்லுங்கால் நாம் மறுப்போம் அன்றோ? 'எங்கள் கம்பெனி இத்துணைக் கோடி ஈந்தது' என்னும் விளம்பரம் அச்சொல்லை ஒக்கும். 'ஆடுவார் ஈந்தனர், யாம் சேர்ப்பித்தேம்' என்று அறிவிப்பாரும் உளர். அவர்மேல் இக்குற்றம் செல்லாது.

இனி, கம்பெனி ஈகையுடையதோ என்னும் வினாவிலேயே ஒரு வழு உண்டு. புண்ணிய பாவங்கள் பற்றுவது உயிரை. கம்பெனி உயிரன்று. அதற்கு ஆணவமில்லை, இரக்கமில்லை, பிறவியில்லை. சட்டத்தின்கண் அது ஓர் ஆள் ஆயினும், அது வழக்கும் கணக்கும் நடத்தற்பொருட்டுக் கொண்ட உபசாரம். ஆகவே வினைப்பயன் நாடுவார், பங்குடையார் யார், ஆணையிட்டார் யார், வரைந்தார் யார், வாங்கினார் யார் என்று உயிர்களைத்தான் பிரித்து நோக்கல் வேண்டும். தன் பங்கில் வரற்பாலதாகிய ஊதியத்தை உவந்து விட்ட பங்காளிக்கு அது ஈகை. பிறர் முதலை எடுத்து வழங்கி நற்பெயர் தான் கொண்ட அதிகாரிக்கு அஃது எவ்வாறு ஈகையாம்? இரவெல்லாம் விழித்து ஆடையை வரைந்த ஓவியன், இது நோயாளர்க்கு என்னும் நினைவோடு வரைந்தனனாயின், கூலி பெற்றவனாயினும் அவனுக்கும் ஒரு கூறு உண்டு என்றே யாம் கருதுகின்றேம். அவன் பெயரை எவரும் அறியார்.

விற்பனையோடு அறத்தை இணைத்தல் நமக்குப் புதிதன்று. திருக்கொடுங்குன்றமாகிய பிரான்மலைக் கோயிலில், வணிகக் குழுவினர் உப்பு, நெல், பாக்கு, மிளகு முதலிய சரக்குகளின்மேல் பொதிக்கு இவ்வளவென்று இறைவர்க்கு வைத்ததைக் கூறும் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு உளது. பிற்காலத்து அது மகமை எனப்பட்டது. விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில் அம்மகமையாற் பள்ளிகள் எழுந்தமை யாவரும் அறிவர். அங்ஙனமாயின் மகமைக்கும் இவ்வாடை விற்பனைக்கும் வேற்றுமை என்னை எனின், கூறுதும். மகமை எல்லாச் சரக்கின்மேலும், எல்லா நாளும், எல்லாக் கடையாரும் ஒத்து வைத்தது. மிளகு வாங்குவோன் மகமையின் பொருட்டு மிளகு வாங்கினான் அல்லன். பெரும்பாலும் அதனை அறிந்திரான். அறம் சரக்கை விற்றுத் தரவில்லை. சரக்கு அறத்தைத் தாங்கிற்று. இக்காலத்ததோ தலைகீழ். 1983-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனி, தன் அட்டையைப் பயன்படுத்துந்தோறும் ஒரு செண்டு சுதந்திரதேவி சிலையைப் புதுக்குதற்கு என அறிவித்து 17 இலட்சம் டாலர் தந்தது. அட்டையின் வழக்கும் உடன் பெருகிற்று. அப்பெருக்கமே அவர் நாடியது. ஆண்டு அறம் சரக்குக்கு இடும் மெருகாயிற்று.

ஆயின் எல்லாவற்றையும் இம்மெருகு என்றே ஒதுக்குதல் நடுவன்று. கைவிட்டது எவ்வளவு என்பதே அளவுகோல். முன்கூறிய இளஞ்சிவப்பு ஆடை இவ்வறத்துக்கென்றே அமைந்தது. ஆகலின் வருவாய் முழுதும் கொடுத்தும், கம்பெனியார் கைவிட்டது வரைந்தார் கூலியும் சில நாள் முயற்சியுமே. எப்பிக் கம்பெனியார் கைவிட்டதோ அந்நாளிற் எவ்வாற்றானும் தமக்கு வரற்பாலதாய வருவாய். அதிலும் மார்ச்சு 20 அவ்விளையாட்டின் புதிய பருவம் தொடங்கிய நாள். வாங்குவார் மிகும் அறுவடைக் காலம். போர் காரணமாக அப்பருவத்துக்குப் பெயர் மிகுந்திருக்கலாம் என்று ஐயுறுவார் ஐயுறுக; களத்து நெல்லை அளந்து கொடுத்தாரைப் பதர் தூற்றினாரோடு ஒருங்கு வைத்தல் தகாது. பாதி கொடுத்துப் பாதி கொண்ட 2009-ஆம் ஆண்டு விற்பனையோ கூட்டு வாணிகம். நோயுற்ற சிறார் அதில் அறியாப் பங்காளிகள்.

விதை விற்ற கதையொன்று உண்டு. ஜிங்கா கம்பெனியின் 'ஃபார்ம்வில்' என்னும் உழவு விளையாட்டில் 2009-இல் எயித்தி நாட்டு ஏழைகட்கென்று சர்க்கரைவள்ளி விதை விற்றனர். விலையிற் பாதி அறத்துக்கு. 2010 சனவரி 12-இல் அந்நாட்டில் பெருநிலநடுக்கம் உண்டாக, அப்பொழுது தனிப்பொருள் விற்று முழுவிலையும் தருவேம் என்றனர். ஐந்து நாளில் 15 இலட்சம் டாலர் சேர்ந்தது. இதனைப் படித்தபொழுது எமக்கு இளையான்குடி மாறனார் நினைவு வந்தது. மழையிரவில் வந்த அடியார்க்கு அமுதாக்க, பகலில் வித்திய நெல்லைச் சேற்றில் தடவி வாரிக் கொணர்ந்தவர் அவர். அவர் கை வாரிய விதை போயின் அடுத்த விளைவே இல்லை. திரையில் விற்ற விதையோ விற்கவிற்கக் குறைவதன்று; அவ்வயலும் 2020 திசம்பர் 31-இல் மூடப்பட்டு ஒழிந்தது. ஆயினும் எயித்தியிற் பசித்தவன் உண்ட சோற்றில் இவ்வேற்றுமை இல்லை. இவ்விரண்டனையும் ஒருங்கு நினைத்தலே அருமை. வணிகர் எல்லாரும் அமர்நீதியார்போல் மனைவி மக்களோடு துலையில் ஏறுக என்று யாம் கேட்கவில்லை. ஏறாதவர் ஏறினேம் என்னாதிருந்தாற் போதும்.

நம் நாட்டுச் சட்டம் இதனை ஒருவாறு உணர்ந்துளது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்து 135-ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகள் முன் மூன்றாண்டுச் சராசரி ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டேனும் பொதுநலத்துக்குச் செலவிடுக என்கின்றது. அஃது ஆணையாற் கொள்வதாகலின் ஈகையென்பதினும் இறை என்பதே பொருந்தும். ஆயின் 2021-இல் திருத்திய விதி, தன் சரக்கு விலைபோதற்பொருட்டு ஏற்கும் செலவு இக்கணக்கிற் சேராது என்று விலக்கிவிட்டது. நீதிநூல் கல்லாத சட்டத்துக்கு இவ்வளவு நுண்மை வந்தமை வியப்பே.

இவ்வாராய்ச்சிக்கு இடையில் எமக்கே ஒரு வழக்கு வந்தது. ஐப்பசி அன்னாபிடேகத்தன்று அன்னம்பாலிப்புக்கு, தம் கடையில் விற்கும் எண்ணெய்ப் பொட்டலம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் தருவதாகவும், பந்தலில் தம் பெயர்ப் பலகை வைக்க வேண்டுமென்றும் உள்ளூர் வணிகர் ஒருவர் கேட்டனர். அன்பர் சிலர் வேண்டா என்றனர். சிலர் பசித்தவர்க்குப் பலகை தெரியாது என்றனர். எம்மைக் கேட்டபொழுது, தொகையை ஏற்க, பேரேட்டில் 'எண்ணெய் வாங்கினோர் உபயம், இன்னார் வாயிலாக' என்று எழுதுக என்றேம். வணிகர் இரண்டு நாள் யோசித்து, அவ்வாறே எழுதச் சொல்லி, அதன்கீழ்த் தம் கையினின்றும் ஒரு மூட்டை அரிசி தனியே எழுதுவித்தார். பலகையைப் பற்றிப் பின்னர்ப் பேச்சில்லை.

பேரனுக்கும் ஒரு கடிதம் எழுதினேம். யாம் நகைத்தது தவறு. நீ செலுத்தியதில் ஒரு கூறு விலை, ஒரு கூறு ஈகை. எது எவ்வளவென்று பிறர் அளத்தல் இயலாது. உடை இல்லையாயினும் கொடுத்திருப்பாயோ, நோயாளர் பெயர் இல்லையாயினும் வாங்கியிருப்பாயோ என்று நீயே உன்னைக் கேள். அன்றியும் பணம் உன் தந்தையது, அவரிடம் சொன்னாயோ என்று எழுதினேம். பத்து நாள் கழித்து மறுமொழி வந்தது. உடை இல்லாவிட்டால் கொடுத்திருக்க மாட்டேன் என்றும், நோயாளர் பெயர் இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பேன் என்றும், அப்பாவிடம் இன்றுதான் சொன்னேன் என்றும் எழுதியிருந்தான். கீழே, செட்டிக்குளத்தில் இப்போது தண்ணீர் எவ்வளவு இருக்கிறது தாத்தா என்று கேட்டிருந்தான்.