என் வீட்டு வெளிச்சம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறிற்று. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. பின்னர் தென்பெண்ணையிலும் வெள்ளம். விழுப்புரம் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன.

2011 டிசம்பரில் 'தானே' புயலைக் கண்ட முகையூர்ப் பக்கத்தார் முன்னதாகவே தொட்டியை நிரப்பிக்கொள்வார்கள். மெழுகுவத்தி, தீப்பெட்டி, ஆட்டுக்கல் இல்லாத வீட்டில் மாவுக்குப் பதிலாக ரவை, இன்வெர்ட்டருக்கு வடிநீர் என்று எல்லாம் தயாராயிருக்கும். விவேகந்தான். ஆனால், கடையிலுள்ள கடைசிக் கட்டு மெழுகுவத்தியையும் நானே வாங்கிவிட்டால், அதற்கும் விவேகம் என்றே பெயரா?

முன்யோசனையற்றவர்கள் என்று பிறரை ஏசுவது எளிது. அன்றாடக் கூலியில் அடுப்பெரிப்பவருக்கு முன்யோசனை இல்லாமலில்லை, முன்பணந்தான் இல்லை.

இரவெல்லாம் ஒரு மின்விசிறி குடிக்கும் மின்சாரத்தில் முப்பது கைப்பேசிகளுக்கேனும் உயிரூட்டலாம். அடுத்த வீட்டு அம்மாள், வெளியூரிலுள்ள மகனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டி, அணைந்துபோன கைப்பேசியுடன் வாசலில் வந்து நிற்கிறாள் என்று வையுங்கள். 'என் காசு, என் பாட்டரி' என்ற வாதத்தில் பிழையில்லை. எனினும் அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு நா எழாது. விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். கொசுக்கடியில் மனம் சற்றே முணுமுணுக்கும், அதையும் மறைப்பதற்கில்லை.