பொற்கொல்லனின் சொல்

2024 டிசம்பர் 25 அன்று மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் கென்–பெட்வா நதி இணைப்புக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். நதிகளை இணைக்க 1980-இல் வகுக்கப்பட்ட தேசியத் திட்டத்தில் செயலுக்கு வந்த முதல் இணைப்பு இது. பன்னா தேசியப் பூங்காவுக்குள், தௌதன் என்னும் இடத்தில் கென் ஆற்றின் குறுக்கே 77 மீட்டர் உயர அணை கட்டி, 221 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியே பெட்வாவுக்குத் தண்ணீர் கொண்டுபோவார்கள். மதிப்பீடு 44,605 கோடி ரூபாய்.

அந்தக் கல் நடப்படுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2019 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழு ஓர் அறிக்கை தந்திருந்தது. தேசியப் பூங்காவுக்குள் பாயும் நீரைத் திருப்ப வேண்டுமானால், அது அங்கு வாழும் உயிர்களின் நலனுக்கே தேவை என்று நிறுவ வேண்டும்; வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்வது அது. இத்திட்டத்தில் அது நிறுவப்படவில்லை என்றது குழு. கென் ஆற்றின் நீர்க்கணக்கைத் தனித்த வல்லுநர்கள் பார்க்கட்டும் என்றது. மேல் கென் படுகையிலேயே செய்யக்கூடிய பாசன வழிகள் இன்னும் முழுதாகப் பயன்படுத்தப்படவில்லை என்றும் சுட்டியது. இத்தனை ஐயங்களும் தீராமலே கல் நடப்பட்டது அறப்பிழை. எவ்வளவு பெரிய நன்மையைக் காட்டியும் அதை மறைக்க முடியாது.

இப்படி ஒரு பிழையை நம் காப்பியம் முன்பே காட்டியிருக்கிறது. பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். சிலப்பதிகாரம் அவனை அப்படிக் காட்டவும் இல்லை. அவன் செய்த பிழை ஒன்றே: யாருக்கு அந்த வழக்கில் ஆதாயம் உண்டோ அவன் சொல்லையே சாட்சியாக ஏற்றான். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். கோவலனைத் திருடன் என்று காட்டிக் கொடுத்தவனும் அவனே. கொல்ல அனுப்பப்பட்ட காவலர்கூட, இவன் முகத்தில் களவின் குறி இல்லையே என்று தயங்கினார்கள். பொற்கொல்லன் திருடர்களின் தந்திரங்களை நூல் முறையாக விரித்துப் பேசி அந்தத் தயக்கத்தைப் போக்கினான். கண்ணகி வந்து சிலம்பை உடைத்தபோதுதான் விசாரணை நடந்தது. உண்மை வெளிப்பட்டது, கோவலன் உயிர் திரும்பவில்லை. பிழையை உணர்ந்த மன்னன் தன் உயிரையே ஈடாகக் கொடுத்தும் அந்தப் பிழை திருந்தவில்லை.

இன்றைய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் அமைப்பைப் பாருங்கள். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிக்கும் நிறுவனத்தை அமர்த்துபவரும் ஊதியம் தருபவரும் திட்டத்தைக் கொண்டுவருபவரே. இதனால் ஆலோசகர்கள் எல்லாரும் பொய்யர்கள் ஆகிவிடுவதில்லை. ஆனால் எந்த நேர்மையாளரையும் இப்படி ஓர் இடத்தில் நிறுத்துவது முறையன்று. திருவள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரமே ஒதுக்கினார். தராசு ஒரு பக்கம் சாயாமல் இருக்க வேண்டுமானால், அதைப் பிடிக்கும் கைக்குக் கூலி எந்தப் பக்கத்திலிருந்தும் வரக்கூடாது.

கென் வழக்கில் இன்னொரு குறையும் சேர்ந்தது. கென்னில் மிகை நீர் உண்டு என்பதுதான் திட்டத்தின் அஸ்திவாரம். ஆனால் கென் யமுனையில் சேர்வது, யமுனை கங்கையில் சேர்வது. கங்கைப் படுகையின் நீரோட்டக் கணக்குகளை அரசு இரகசியமாக வைத்திருக்கிறது. மிகை என்று சொல்பவர் கணக்கைக் காட்டமாட்டார். கேட்பவர் நம்ப வேண்டும். வெளியே வைக்கப்படாத சான்று சான்றே அல்ல.

தயங்கியவர்கள் இங்கும் இருந்தார்கள். சுற்றுச்சூழல் அனுமதியைப் பரிசீலிக்கும் நிபுணர் மதிப்பீட்டுக் குழு பல அமர்வுகளில் கேள்விகள் எழுப்பியது. 2016 ஜூனில் அப்போதைய நீர்வளத்துறை அமைச்சர் உமா பாரதி, அனுமதி தாமதமானால் உண்ணாவிரதம் இருப்பேன் என்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் வனவிலங்கு வாரிய நிலைக்குழு ஒப்புதல் தந்தது. டிசம்பரில் நிபுணர் குழுவும் பரிந்துரைத்தது. அமைச்சரின் தவிப்பு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீதிபதி யோசிக்கும்போது அவர் வாசலில் பட்டினி கிடப்பேன் என்று வழக்காடுபவர் சொல்வது முறையா? இடித்துச் சொல்லும் பெரியோர் இல்லாத அரசன், பகைவர் இல்லாமலே கெடுவான் என்று எச்சரித்த குறள் பிறந்த மொழியில் இதற்கு விளக்கம் தேவையில்லை. காரியத்தில் இறங்கிவிட்டு அப்புறம் யோசிக்கலாம் என்பதையும் அதே நூல் குற்றமாகத்தான் எண்ணுகிறது.

மனுநீதிச் சோழனின் வாசலில் தொங்கியதற்கு ஆராய்ச்சி மணி என்று பெயர். ஆராயச் சொல்லும் மணி. கன்றை இழந்த பசுகூட அதை இழுக்க முடிந்தது. நம் காலத்து ஆராய்ச்சி மணி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். ஆனால் மக்கள் மொழியில் தர வேண்டியது அறிக்கையின் சுருக்கம் மட்டுமே என்கிறது விதி. வீட்டையும் காட்டையும் இழக்கப்போகிறவருக்குச் சுருக்கம் போதும் என்று எந்த அறநூல் சொல்கிறது?

பசுவைப்போல் மணியை இழுக்கவும் முடியாத உயிர்கள் பன்னாவில் இருக்கின்றன. 2009-இல் பன்னா புலிகள் காப்பகத்தில் ஒரு புலிகூட இல்லாத நிலை வந்தது. பாந்தவ்கரிலிருந்தும் கான்ஹாவிலிருந்தும் புலிகளைக் கொண்டுவந்து விட்டு, பொறுமையோடு காத்து, இன்று ஐம்பதுக்கு மேல் வளர்த்திருக்கிறார்கள். அந்தக் காப்பகத்தில் ஏறக்குறைய 5,800 ஹெக்டேர் நீரில் மூழ்கும். வெட்டுப்படும் மரங்கள் இருபது லட்சத்துக்கு மேல். பாறு கழுகுகள் கூடு கட்டும் பாறை முகடுகள் அந்தப் பள்ளத்தாக்கில்தான் உள்ளன; அணைக்குக் கீழே சொம்புமூக்கு முதலைகளின் சரணாலயம். படர ஒரு கொம்பில்லாமல் வாடிய முல்லைக்குத் தேரையே விட்டுக்கொடுத்த பாரியைக் கொண்டாடும் மரபு, இந்தக் கணக்கைச் சுருக்கத்தில் படித்துவிட்டுக் கடந்துபோகலாகாது.

புந்தேல்கண்டின் தாகம் பொய்யன்று. அடிக்கடி வறட்சியில் விழும் மண் அது. பிழைப்புத் தேடி மக்கள் தொலைவூர் போகிறார்கள். 10.62 லட்சம் ஹெக்டேருக்குப் பாசனம், 62 லட்சம் பேருக்குக் குடிநீர் என்ற வாக்குறுதி சிறியதன்று. நீர் தருவது அறம்தான்.

ஆனால் அந்த நீர் வேறு வழியிலும் வரலாம். அதே புந்தேல்கண்டின் மஹோபாவில் சந்தேல அரசர்கள் ஏரிகள் வெட்டினார்கள்; கீரத் சாகரும் மதன் சாகரும் எண்ணூறு ஆண்டுகளைக் கடந்தும் அங்கே இருக்கின்றன. நிலம் பள்ளமான இடமெல்லாம் நீரைத் தேக்கு என்று பாண்டியனுக்குக் குடபுலவியனார் புறநானூற்றில் சொன்னதும் இதே வழிதான். ஏரிகளைத் தூர்வாரினால் எத்தனை ஊர் நனையும் என்று முதலில் எண்ணிப் பார்த்து, போதாத மிச்சத்துக்கே அணையை யோசித்திருக்க வேண்டும்.

இதே தேசியத் திட்டத்தின் பட்டியலில் கோதாவரியைக் கல்லணைக்குக் கொண்டுவரும் இணைப்பும் இருக்கிறது. அதில் நீர் பெறுகிற பக்கத்தில் நாம் நிற்கிறோம். அதனால்தான் நம் கேள்விக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. கருத்துக் கேட்புக் கூட்டம் நம் மாவட்டத்துக்கு வரும் நாளில் போய் உட்காருங்கள். முழு அறிக்கையையும் தமிழில் கேளுங்கள். கோதாவரிக் கரையில் யார் வீடு மூழ்கும், எந்தக் காடு அழியும் என்பதையும் அங்கேயே கேளுங்கள்.